கூலாய் உடம்பும் கும்புக் காற்றும்

ஜோகூரின் கூலாய் நகரிலிருந்து தென்மேற்கே போனால், செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் குனோங் பூலாய் நிற்கிறது. உயரம் 654 மீட்டர். சிங்கப்பூர் தன் குடிநீருக்காக 1927-ல் ஜோகூருடன் ஒப்பந்தம் செய்து குத்தகைக்கு எடுத்தது இந்த மலையடி நிலத்தைத்தான். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருப்பதால் மேலே வரை தார்ச்சாலை போகிறது. வார இறுதிகளில் விடியும் முன்பே கூலாய், செனாய், ஜோகூர் பாரு பக்கத்து மக்கள் கூட்டமாக அதில் ஏறுகிறார்கள். சட்டை நனைகிறது, தொடை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஆனால் அந்த மூச்சிரைப்புக்குக் காரணம் புழுக்கமும் செங்குத்தான பாதையும்தான். பூலாய் உச்சியில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதைவிட ஏழு விழுக்காடு அளவே குறைவு. உடம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை.

அதே மனிதர் ஒரு நாள் இமயமலைக்குப் போக ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று இது அரிதான ஆசை இல்லை. கோலாலம்பூரிலிருந்து காட்மாண்டுவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து சின்ன விமானத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தால் லுக்லா. எவரெஸ்டின் தென்புறத்தில் இறங்கும் கும்பு பள்ளத்தாக்குக்கு வாசல் அதுதான். அங்கே இறங்கியவுடன் மலை அவருடைய தொடைகளை விட்டுவிட்டு, அவருடைய சிறுநீரகத்தையும் எலும்பு மச்சையையும் கழுத்து நாளங்களையும் சோதிக்கத் தொடங்குகிறது. பூலாயில் எத்தனை முறை ஏறியிருந்தாலும் அந்தச் சோதனைக்கு அது பயிற்சி ஆகாது.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். கூலாய்க் காற்றிலும் எவரெஸ்ட் உச்சிக் காற்றிலும் ஆக்சிஜனின் பங்கு ஒன்றுதான்: 21 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மாறுவது காற்றின் அழுத்தம். தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடைதான் அழுத்தம். மேலே போகப் போக மிச்சமிருக்கும் காற்று குறைகிறது. இதை முதலில் கருவியால் காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய மைத்துனர் ஃப்ளோரின் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று புய் தெ தோம் என்ற மலையில் பாதரசக் குழாயோடு ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் எட்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அடிவாரத்து மடத்தில் இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுக்க அதைக் கவனிக்க ஒரு துறவியையும் அமர்த்தியிருந்தார்கள். அந்தக் குழாயில் மாற்றமே இல்லை. இறக்கத்துக்குக் காரணம் உயரம்தான், வானிலை இல்லை என்பது அதனால் உறுதியானது.

கடல் மட்டத்தில் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். எவரெஸ்ட் உச்சியில் அது எவ்வளவு என்பது 1981 வரை கணக்காகவே இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று, ஜான் வெஸ்ட் தலைமையிலான அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ் பிஸோ உச்சியில் நின்று அழுத்தமானியைப் படித்தார்: 253 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு. நுரையீரலுக்கு உண்மையில் கிடைப்பது அதையும்விடக் குறைவு. உள்ளே இழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் உடல் வெப்பத்துக்குச் சூடாகி நீராவியால் நிறைகிறது. அந்த நீராவியின் அழுத்தம் எந்த உயரத்திலும் 47 மில்லிமீட்டர். கடலோரத்தில் 760-ல் 47 போவது பெரிதாகத் தெரியாது. உச்சியில் 253-ல் 47 போனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. எஞ்சியதில் ஆக்சிஜனின் பங்கைக் கணக்கிட்டால் 43 மில்லிமீட்டர் வரும். கூலாயில் அது 149. உடம்பின் சொந்த ஈரமே மலையுச்சியில் அதற்கு எதிராக நிற்கிறது.

இவ்வளவு தாழ்ந்த நிலத்தில் வளர்ந்த உடம்பு அங்கே போக முடியுமா? 1997-ல் மலேசியா கேட்ட கேள்வி இதுதான். பனியே விழாத நாடு. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தஹான் 2,187 மீட்டர்தான். அந்த ஆண்டு மே 23 அன்று மலேசிய எவரெஸ்ட் குழுவின் எம். மகேந்திரன் உச்சியை அடைந்தார். சற்று நேரத்தில் என். மோகனதாஸும் வந்து சேர்ந்தார். எவரெஸ்டில் நின்ற முதல் மலேசியர்கள் இரண்டு தமிழர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படியேறும் சமூகத்துக்கு அது எப்பேர்ப்பட்ட செய்தி என்பதை அன்று நாளிதழ் வாசித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். டத்தோ பட்டம் அவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அந்தத் தாமதத்தைப் பற்றிய மனக்குறை மலேசியத் தமிழர்களிடம் நெடுங்காலம் இருந்தது. அது நியாயமான மனக்குறையும்கூட.

எவரெஸ்டுக்கும் தமிழ் நிலத்துக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இந்தியாவை முக்கோணங்களாக அளந்த மாபெரும் நில அளவைக்கு, வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலையருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு இழுத்துத் தொடக்கமிட்டார். வடக்கே விரிந்துகொண்டே போன அந்த முக்கோணங்களின் கணக்கை வைத்துத்தான் 1852-ல் ராதாநாத் சிக்தார் 'பதினைந்தாம் சிகரம்' உலகிலேயே உயர்ந்தது என்று கண்டார். 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். பத்து மீட்டருக்குள்தான் வேறுபாடு.

இனி பள்ளத்தாக்குக்குள் போவோம்.

லுக்லா 2,860 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 72 விழுக்காடு. விமானத்தை விட்டு இறங்கிய சில நிமிடங்களிலேயே உடம்பின் முதல் பதில் தொடங்கிவிடுகிறது. கழுத்தின் இருபுறமும், மூளைக்குப் போகும் பெருநாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் ஒரு திசு இருக்கிறது. கரோடிட் உறுப்பு என்று பெயர். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை இது உணர்ந்து, 'மூச்சைக் கூட்டு' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இந்தச் செயலை விளக்கியதற்காக பெல்ஜிய நாட்டு கார்னெய் ஹைமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. நடப்பவர் தனக்கே தெரியாமல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடத் தொடங்குகிறார்.

இதில் ஒரு சிக்கல். வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறும். ரத்தம் காரத்தன்மை அடையும். மூளைத்தண்டு அதைக் கண்டு 'மூச்சைக் குறை' என்கிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு எதிரெதிர் உத்தரவுகள். பகலில் நடக்கும்போது இது தெரியாது. இரவில் தூங்கும்போது தெரியும்: நாலைந்து பெருமூச்சு, பிறகு பல நொடிகள் மூச்சே இல்லை, பிறகு திடுக்கிட்டு மறுபடி பெருமூச்சு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் பயந்துபோவார். முதன்முறை போகிறவர்கள் மூச்சடைத்துச் சாகப்போவதாக நினைத்து எழுந்து உட்கார்வதுண்டு. உயரத்தில் பெரும்பாலோருக்கு வருவது இது. நோய் என்று சொல்ல முடியாது.

சிக்கலை அவிழ்ப்பது சிறுநீரகம்; உடம்பின் இரண்டாவது பதில் அது. ரத்தத்திலிருந்து பைகார்பனேட்டைப் பிரித்து வெளியேற்றி, ரத்தத்தின் அமிலநிலையை அது சரிசெய்கிறது. அதன்பின் மூளைத்தண்டு தடை போடுவதை விட்டுவிடும். மூச்சை இன்னும் கூட்டலாம். ஆனால் சிறுநீரகம் நிமிடக் கணக்கில் வேலை செய்யும் உறுப்பு இல்லை. இதற்கு அதற்கு நாட்கள் வேண்டும். நாம்சே பஜாரில் (3,440 மீட்டர்) வழிகாட்டிகள் எல்லோரையும் ஒரு நாள் நிறுத்திவைப்பது அதனால்தான். அன்று சும்மா படுத்திருக்கவும் விடமாட்டார்கள். 3,880 மீட்டர் உயரத்தில் இருக்கும் எவரெஸ்ட் வியூ விடுதிவரை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்ப நாம்சேக்கே கொண்டுவந்து தூங்கவைப்பார்கள். பகலில் உயரத்துக்குப் போய் இரவில் தாழ்வாகத் தூங்குவது மலைக்காரர்கள் அனுபவத்தில் கண்ட வழி. உடலியல் பின்னால் வந்து அதற்குக் காரணம் சொன்னது. குளிரில் இரவு இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதைப் பலரும் சலித்துக்கொள்வார்கள். உண்மையில் அது உடம்பு மலைக்கு இணங்கிவருவதன் நல்ல அறிகுறி.

நாம்சேயைத் தாண்டினால் தெங்போச்சே மடாலயம் 3,870 மீட்டர். திங்போச்சே 4,410. லொபுச்சே 4,940. கோரக் ஷெப் 5,164. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364. லுக்லாவிலிருந்து முகாம் வரை சாலையே இல்லை. அரிசியிலிருந்து எரிவாயு உருளை வரை எல்லாம் சுமைக்காரர் முதுகிலோ, யாக் அல்லது கோவேறு கழுதை முதுகிலோதான் போகின்றன. ஊர்ப்பெயர்களுக்கு இடையில் இருக்கும் தூரத்தைக் கால்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் நாலைந்து நாளில் முடிந்துவிடும். நடைமுறையில் எட்டு நாளாவது எடுக்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். முகாமில் தண்ணீர் 83 பாகைக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் எந்தச் சமையலறையும் ஓடாது.

இந்த எட்டு நாளில் மூன்றாவது பதில் நடந்துகொண்டிருக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது செல்களுக்குள் ஹிஃப் என்ற புரதம் சிதையாமல் நின்று பல மரபணுக்களை இயக்குகிறது. இந்த வழிமுறையைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு வழங்கினார்கள். ஹிஃப் இடும் கட்டளைகளில் ஒன்று, சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் சுரக்க வேண்டும் என்பது. அந்த ஹார்மோன் சில மணி நேரத்திலேயே கூடிவிடுகிறது. எலும்பு மச்சை அதைக் கேட்டுப் புதிய சிவப்பணுக்களைச் செய்யத் தொடங்குகிறது. அவை ரத்தத்தில் கணிசமாகச் சேர வாரங்கள் ஆகும். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் அடிவார முகாமிலும் அதற்கு மேலும் ஏறி இறங்கி ஒரு மாதத்துக்கு மேல் கழிப்பதற்கு இது முக்கியமான காரணம். மகேந்திரனும் மோகனதாஸும் மே கடைசியில் உச்சியேறியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வாரங்கள் இருந்தன. பெயர் வாங்கித் தருவது உச்சிநாள். அதைச் சாத்தியமாக்குவது செய்தியில் வராத காத்திருப்பு.

கோவிட் காலத்தில் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் பல வீடுகளுக்கு விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் வந்தது. எண் 94-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு ஓடினோம். அடிவார முகாமில் நலமாக நடமாடுகிறவர்களுக்கு அந்த எண் 80-ஐ ஒட்டி இருக்கும். அவர்கள் தேநீர் குடிக்கிறார்கள், சீட்டு விளையாடுகிறார்கள், வீட்டுக்குப் போன் பேசுகிறார்கள். கூலாயிலிருந்து ஒருவரை நேராகத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே இறக்கினால் அன்றிரவே அவருக்கு ஆபத்து. எவரெஸ்ட் உச்சியில் இறக்கினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். உயரமும் காற்றும் ஒன்றே. இடையில் கழிந்த நாட்கள்தான் வேறுபாடு.

நாட்களைக் கொடுக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு அறிவியலில் ஒரு சோகமான தொடக்கம் இருக்கிறது. 1875 ஏப்ரல் 15 அன்று 'ஸெனித்' என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். உடலியலாளர் பால் பெர்ட்டின் அறிவுரைப்படி ஆக்சிஜன் பைகளும் எடுத்துப்போயிருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் கை எழவில்லை. குரோசே ஸ்பினெல்லியும் சிவெலும் இறந்தார்கள். காஸ்தோன் திசாந்தியே மட்டும் உயிரோடு தரையிறங்கினார். அபாயம் நெருங்கும்போது பயத்துக்குப் பதில் ஒரு இன்ப மயக்கம் சூழ்ந்தது என்று அவர் எழுதிவைத்தார். ஆக்சிஜன் குறைவு முதலில் தின்பது, ஆக்சிஜன் குறைகிறது என்று உணரும் அறிவைத்தான்.

நம் பக்கத்தில் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றவர்கள் இந்தியப் படைவீரர்கள். 1962-ல் சீனாவுடன் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான வீரர்கள் சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு அவசரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. குண்டு படாமலே பலர் விழுந்தார்கள்: தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், நெஞ்சில் நீர். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, உலகெங்கும் மலைமருத்துவத்தின் அடிக்கல்களில் ஒன்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இன்று கும்புவில் நடக்கும் எந்த நாட்டுப் பயணிக்கும் சொல்லப்படும் எச்சரிக்கைகளுக்குப் பின்னால் அந்த வீரர்களின் உடம்புகள் இருக்கின்றன. இதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

மலை நோயின் லேசான வடிவம் தலைவலியும் குமட்டலும் பசியின்மையும். ஏறுவதை நிறுத்தி ஓரிரு நாள் தங்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதை மறைத்துக்கொண்டு ஏறினால் இரண்டு வழியில் அது முற்றலாம். மூளை வீங்கினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், பிறகு நினைவு போகும். நுரையீரலில் நடப்பது வேறு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரலின் ரத்தநாளங்கள் சுருங்கும். நிமோனியா போன்ற நோயில் கெட்டுப்போன மூலைக்கு ரத்தம் போகாமல் தடுப்பதற்கு இந்த ஏற்பாடு நல்லது. மலையில் நுரையீரல் முழுவதுமே ஆக்சிஜன் குறைந்த இடம். ஒரே சீராகச் சுருங்காததால், சுருங்காத பகுதிகளுக்குள் ரத்தம் அதிக அழுத்தத்தோடு பாய்ந்து நுண்நாளங்களிலிருந்து நீர் கசிகிறது. ஓய்விலும் மூச்சிரைப்பு, இருமலில் நுரை. 1960-ல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் ஹூஸ்டன் விவரித்துக் காட்டும்வரை, மலையில் இறந்த பலருக்கு நிமோனியா என்றே எழுதிவந்தார்கள். மருந்து, ஆக்சிஜன், காற்றடைத்து அழுத்தம் கூட்டும் பை எல்லாம் இருக்கின்றன. கும்புவின் பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கம் மருத்துவ நிலையமே நடத்துகிறது. என்றாலும் முதல் மருத்துவம் இறங்குவதுதான். இரவானாலும் இறங்க வேண்டும்.

யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடற்கட்டு காப்பாற்றாது. வலுவுள்ள இளைஞர்கள்தான் சில சமயம் மோசமாக அடிபடுகிறார்கள். கால் வேகமாகப் போவதால் சிறுநீரகத்துக்கு நேரம் கொடுக்காமல் மேலே போய்விடுகிறார்கள். டயமாக்ஸ் என்று விற்கப்படும் அசெட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகத்தை பைகார்பனேட்டை விரைவாக வெளியேற்றவைத்து நாட்களைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. நாட்களை முழுவதுமாக விலைக்கு வாங்கித் தரும் மாத்திரை எதுவும் கிடையாது.

இங்கே கினபாலுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இமயத்துக்குப் போகும் மலேசியர்களில் பலர் முதலில் சபாவின் கினபாலு மலைக்குத்தான் போகிறார்கள். 4,095 மீட்டர், உச்சியில் காற்றழுத்தம் ஐந்தில் மூன்று பங்கு. 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாயிலில் காலையில் புறப்பட்டு, பனாலபானில் இரவு தங்கி, மறுநாள் விடியலில் உச்சி தொட்டு அன்றே இறங்கிவிடுவது வழக்கம். தலைவலியோடு ஏறி, இறங்கியதும் சரியாகிவிட்டவர்கள் ஏராளம். அவர்களைக் காப்பாற்றியது உடம்பின் தகவமைப்பு இல்லை; அன்றே இறங்கியதுதான். மூச்சு என்ற முதல் பதில் மட்டுமே அந்த இரண்டு நாளில் வேலை செய்திருக்கும். கினபாலுவில் தாங்கிய உடம்பு லொபுச்சேயில் தொடர்ந்து இரண்டு இரவு தாங்கும் என்று அதை வைத்து முடிவு கட்டுவது ஆபத்தான தவறு. இருமலோடு ஏறுவதைத் துணிச்சலாகப் பேசும் பயணக் கதைகள் இந்தத் தவறை வளர்க்கின்றன.

பள்ளத்தாக்கிலேயே வாழும் ஷெர்பாக்களின் கதை தனி. கிழக்குத் திபெத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்கள் அவர்கள். உயரத்தில் வாழ்கிறவர்களுக்கு ரத்தம் கெட்டியாக இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆண்டிஸ் மலைமக்களிடம் அப்படித்தான். முதுமையில் சிலருக்கு ரத்தம் அளவு மீறித் தடித்து அதுவே நோயாகிறது. திபெத்தியரிடமும் ஷெர்பாக்களிடமும் ஹீமோகுளோபின் அவ்வளவு ஏறுவதில்லை. 2010-ல் வெளியான மரபணு ஆய்வுகள் காரணத்தை ஈபாஸ்-1 என்ற மரபணுவில் கண்டன. நான்கு ஆண்டு கழித்து, அந்த மரபணுவின் திபெத்திய வடிவம் டெனிசோவன் என்ற மறைந்துபோன மனித இனத்தோடு நடந்த கலப்பில் வந்தது என்று தெரிந்தது. ரத்தத்தைக் கெட்டியாக்காமல், கிடைக்கும் ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கும் தசைகளும் ஷெர்பாக்களுக்கு உண்டு. காமி ரீத்தா ஷெர்பா 2025 மே வரை 31 முறை எவரெஸ்ட் ஏறியிருக்கிறார். இதனால் ஷெர்பாக்களுக்கு மலை எளிது என்று நினைத்துவிடக் கூடாது. 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் விழுந்த பனிச்சரிவில் இறந்த 16 பேரும் மற்றவர்களுக்காகப் பாதை அமைத்தும் சுமை தூக்கியும் பிழைத்த நேபாளத் தொழிலாளர்கள். எந்த மரபணுவும் அதற்குக் காப்பு இல்லை.

ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் எந்த மனிதருக்கும் தகவமைப்பு நிலைப்பதில்லை. பெரு நாட்டின் லா ரின்கொனாடா, 5,100 மீட்டரில் இருக்கும் சுரங்க நகரம், உலகின் மிக உயரமான நிலையான குடியிருப்பு. 1960-61-ல் கிரிஃபித் பியூ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கும்புவுக்கு அருகே 5,800 மீட்டரில் ஒரு வெள்ளிநிறக் குடிலில் குளிர்காலம் கழித்தபோது, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனது. 8,000 மீட்டருக்கு மேல் உடம்பு தன்னையே செலவழித்து நேரத்தை வாங்குகிறது. 2007-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் உச்சியிலிருந்து இறங்கும் வழியில், 8,400 மீட்டரில், உறைகுளிரில் ஆடையைத் தளர்த்தித் தங்கள் தொடைத் தமனியிலிருந்தே ரத்தம் எடுத்தார்கள். நான்கு பேரின் ஆக்சிஜன் அழுத்தச் சராசரி 24.6 மில்லிமீட்டர், ஒருவருக்கு 19.1. சமவெளி மருத்துவமனையில் இந்த எண்ணோடு வருகிறவர் சாவின் விளிம்பில் இருப்பார். இவர்கள் நடந்து இறங்கினார்கள்.

ஆக்சிஜன் உருளை இல்லாமல் உச்சி ஏற முடியாது என்று பல உடலியலாளர்கள் கணித்திருந்தார்கள். 1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் ஏறிக் காட்டினார்கள். பின்னர் பிஸோவின் அளவீடு ஒரு காரணத்தைச் சொன்னது: உச்சியின் அழுத்தம், பொதுவான வளிமண்டலக் கணக்கு தரும் 236 மில்லிமீட்டரைவிட அதிகம். நிலநடுக்கோட்டை ஒட்டிய சூடான காற்று உயரமாக எழும்பி நிற்கிறது. துருவங்களை நோக்கிப் போகப் போக அது தாழ்கிறது. எவரெஸ்ட் 28 பாகை வடக்கில் இருக்கிறது. அதே மலை அலாஸ்காவின் தெனாலி இருக்கும் 63 பாகையில் இருந்திருந்தால், உருளை இல்லாமல் ஏறுவது அனேகமாக நடந்திருக்காது. கூலாய் நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு பாகைக்குள் இருக்கிறது. மலேசியர்கள் தினமும் வியர்க்கக் காரணமான அந்த வெப்ப மண்டலக் காற்றின் வடக்கு விளிம்பே, மே மாதத்தில் எவரெஸ்ட் மீது கொஞ்சம் கூடுதல் மூச்சை வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் உச்சியில் சுமார் பத்து மில்லிமீட்டர் குறைந்துவிடும். 1987 டிசம்பர் 22 அன்று ஆங் ரீத்தா ஷெர்பா உருளையில்லாமல் ஏறியது அந்தக் காற்றில்.

குளிர் தன் பங்குக்கு வேறு விலை கேட்கும். உடம்பு நெஞ்சையும் மூளையையும் காக்க விரல்களுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்துகிறது. ரத்தம் கெட்டியாகி, நீர்ச்சத்தும் குறைந்திருக்கும் நிலையில் விரல்கள் உறைகின்றன. 2006, 2007 என இரண்டு முறை எவரெஸ்ட் ஏறிய மலேசியத் தமிழர் டி. ரவிச்சந்திரன் பனிக்கடியில் கைவிரல்களை இழந்தவர். அதன் பிறகும் மலைகளை விடவில்லை.

கடலோரத்து உடம்புகள் தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 163 மீட்டர் புக்கிட் தீமாவே மிக உயரமான குன்றாக உள்ள சிங்கப்பூரின் குழு 1998 மே 25-ல் உச்சி தொட்டது; அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் சுமையோடு ஏறி இறங்கிப் பழகியவர்கள் அவர்கள். 2016 மே 21-ல் ஜயந்தி குரு உதும்பால இலங்கையிலிருந்து ஏறிய முதல் மனிதரானார். 2023 மே மாதம் சென்னைக்கு அருகே கோவளத்து அலைச்சறுக்குப் பயிற்றுநர் ராஜசேகர் பச்சையும், விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வியும் சில நாள் இடைவெளியில் ஏறினார்கள். முத்தமிழ்ச்செல்வி ஏறியது மகேந்திரனும் மோகனதாஸும் ஏறிய அதே மே 23. தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் அவர்.

ஊர் திரும்பிய உடம்பு எல்லாவற்றையும் கலைக்கத் தொடங்குகிறது. மூச்சு சில நாளில் பழைய நிலைக்கு வரும். எரித்ரோபொயட்டின் சட்டென்று விழும். அப்போது புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்களை உடம்பே தேர்ந்தெடுத்து அழிக்கிறது. விண்வெளி வீரர்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நிகழ்வு மலையிறங்கியவர்களிடமும் காணப்பட்டது. ஆனால் எல்லாமே அழிந்துவிடுவதில்லை. 2012-ல் பொலிவியாவின் சகல்தாயாவில், 5,260 மீட்டரில், 16 நாள் தங்கவைக்கப்பட்ட சமவெளிக்காரர்கள் கீழே இறங்கி ஒரு வாரமோ மூன்று வாரமோ கழித்து மீண்டும் ஏறியபோது, முதன்முறை பட்ட பாட்டில் பெரும்பகுதியை அவர்கள் படவில்லை. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. உயரத்தில் அதற்குள் ஏற்பட்ட வேதி மாற்றத்தை அதனால் திரும்ப அழித்துக்கொள்ள முடியவில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்தக் கணக்கில், மே மாதம் கும்புவிலிருந்து கூலாய் திரும்புகிறவரின் ரத்தத்தில் செப்டம்பர் வரை அந்த மலையைக் கண்ட அணுக்கள் ஓடிக்கொண்டிருக்கும். அக்டோபரில் மழைக்காலம் முடிந்து இமயத்தின் அடுத்த பருவம் திறக்கும்போது, அவருடைய சிறுநீரகமும் எலும்பு மச்சையும் மறுபடி லுக்லாவில் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.